பல்பு எரிந்தது... பாடம் புரிந்ததா? செய்து பார்த்துக் கற்கும் அறிவியலின் 50 ஆண்டுக் கதை

ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி செல், ஒரே ஒரு ஒயர். இந்த மூன்றை மட்டும் வைத்து பல்பை எரிய வைக்க முடியுமா? மேலே படிப்பதற்கு முன் அரை நிமிடம் யோசித்துப் பாருங்கள். மனதுக்குள் ஒரு படம் வரைந்தாலும் போதும்.

'இதுல என்ன இருக்கு, சின்ன கிளாஸ் பாடம்தானே' என்று தோன்றும். 1997-ல் வெளியான 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், பட்டமளிப்பு விழா முடிந்து கவுனோடு வெளியே வந்த எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். கையில் பல்பு, செல், ஒயர் மூன்றையும் கொடுத்தார்கள். உலகின் முன்னணித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் படித்தவர்கள் கேமரா முன்னால் திணறினார்கள்.

விடை இதுதான். பல்பின் அடிமுனை செல்லின் ஒரு முனையைத் தொட வேண்டும். செல்லின் மறுமுனையில் இருந்து வரும் ஒயர், பல்பின் பக்கவாட்டு உலோகப் பகுதியைத் தொட வேண்டும். அதாவது, பல்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று அடியில், இன்னொன்று பக்கத்தில். இதைப் பலரும் தவறவிடக் காரணம், பாடப்புத்தகத்தில் பல்பு என்பது ஒரு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. ஓம் விதிக் கணக்குப் போட அந்தக் குறியீடு போதும். பல்பைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவருக்குத்தான் அந்த இரண்டாவது முனை தெரியும்.

'குழந்தைகள் அறிவியலைக் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. தனியார் பள்ளி விளம்பரங்களும் சொல்கின்றன. ஆனால், அப்படிக் கற்பித்தால் உண்மையிலேயே பலன் உண்டா? எங்கே வேலை செய்தது, எங்கே சொதப்பியது? பார்ப்போம்.

செய்முறை என்றால் ரெக்கார்டு நோட்டா?

'நாங்களும் பிராக்டிகல் பண்ணிருக்கோமே' என்று நீங்கள் கேட்கலாம். பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்த பலருக்கும் இது நினைவிருக்கும்: நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. ரெக்கார்டு நோட்டில் முடிவு முன்கூட்டியே தெரியும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' செய்ய வேண்டும். ஒரு பெஞ்சில் ஒருவர் எடுத்த ரீடிங் நாலு பெஞ்சுக்குப் போகும்.

வகுப்பறைச் செய்முறையை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்டுவது. மாணவர்கள் பார்ப்பார்கள். இரண்டாவது, புத்தகத்தில் ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றைச் சரிபார்ப்பது. நம் ரெக்கார்டு நோட்டு இந்த வகை. மூன்றாவது, விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கணித்து, செய்து பார்த்து, வந்த முடிவைப் பற்றி விவாதிப்பது.

மூன்றிலும் கைவேலை உண்டு. ஆனால், மூளைக்கு வேலை வைப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் மூன்றாவது வகையை அரசுப் பள்ளிகளில், அதுவும் கிராமங்களில், 30 ஆண்டுகள் நடத்திக் காட்டிய ஒரு திட்டம் இருந்தது. இன்றைய தலைமுறையில் பலருக்கு அதன் பெயரே தெரியாது.

ஹோசங்காபாத்தில் என்ன நடந்தது?

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஹோசங்காபாத். இப்போது அதன் பெயர் நர்மதாபுரம். 1972-ல் அந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை தொடங்கியது. ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர், கிஷோர் பாரதி ஆகிய இரண்டு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசிடம் அனுமதி பெற்று இதைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவியவர்களில் முக்கியமானவர், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையை விட்டு வந்த விஞ்ஞானி அனில் சத்கோபால். அதே நிறுவனத்தின் விஞ்ஞானிகளும், டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கைகொடுத்தார்கள்.

திட்டத்தின் பெயர் 'ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்'. 6, 7, 8-ம் வகுப்பு மாணவர்களுக்கானது. 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-ல் 'ஏகலவ்யா' என்ற அமைப்பு உருவாகி பொறுப்பை ஏற்றது. 2000-களின் தொடக்கத்தில் சுமார் 15 மாவட்டங்கள், சுமார் 1,000 பள்ளிகள், சுமார் 1 லட்சம் மாணவர்கள் என்ற அளவுக்கு வளர்ந்திருந்தது.

வகுப்பறை எப்படி இருந்தது? மாணவர்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். கையில் 'பால வைக்ஞானிக்' என்ற புத்தகம். 'குழந்தை விஞ்ஞானி' என்று அர்த்தம். அது வழக்கமான பாடப்புத்தகம் இல்லை. 'இதைச் செய்து பார், என்ன பார்த்தாய், ஏன் அப்படி' என்று கேள்விகளாகவே போகும். விடை அச்சிடப்பட்டிருக்காது. மனப்பாடம் செய்ய வரையறைகளும் இருக்காது. குழந்தைகள் தாங்கள் பார்த்ததைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். பிறகு வகுப்பு முழுவதும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

அளவீடு பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே நீளத்தைப் பத்துப் பேர் அளந்தால் பத்துப் பேருக்கும் ஒரே விடை வராது. ரெக்கார்டு நோட்டு மனநிலையில் இது 'தப்பு'. ஹோசங்காபாத் வகுப்பில் அதுதான் பாடமே. ஏன் வித்தியாசம் வருகிறது, ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறதா, கண்ணை எங்கே வைத்துப் பார்த்தோம், எந்த அளவை நம்பலாம் என்று பேச ஆரம்பித்தால், அளவீட்டில் பிழை என்பது என்ன என்று 11 வயதுக் குழந்தைக்கே பிடிபட்டுவிடும். காசைச் சுண்டிப் பார்த்து நிகழ்தகவு கற்பதும் இந்தப் பாடத்திட்டத்தில் இருந்தது.

முள், தீக்குச்சி, வால்வு டியூப்

அறிவியல் செய்து பார்ப்பது என்றாலே 'லேப் இல்லையே, காசு இல்லையே' என்ற பதில்தான் முதலில் வரும். ஹோசங்காபாத் இதற்குச் சொன்ன பதில் எளிமையானது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டுமா? வேலியில் கருவேல முள் இருக்கிறது. விலை உயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக, உள்ளூரில் கிடைக்கும் மலிவான பொருட்களைக் கொண்டு ஒரு 'கிட்' தயாரித்து பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் அரவிந்த் குப்தா கதைக்குள் வருகிறார். யூடியூபில் 'குப்பையில் இருந்து பொம்மை' வீடியோக்கள் பார்த்திருந்தால் இவரைத் தெரிந்திருக்கும். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, புனேவில் டெல்கோ நிறுவனத்தில் இன்ஜினீயராக வேலை பார்த்தவர். 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோசங்காபாத் வந்தார். ஊர்ச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகினார். குச்சிகளை இணைக்கும் மூட்டு தயார்.

மூன்று குச்சியில் முக்கோணம். நாலு குச்சியில் சதுரம். இரண்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் அசையாது. அந்த ஒரு அழுத்தலில், மின்கம்பிக் கோபுரத்திலும் ரயில்வே இரும்புப் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. செலவு, தீப்பெட்டிக் காசு. பிறகு முழுநேரமாக இந்தப் பணிக்கே வந்துவிட்ட அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதோடு ஒரு எண்ணையும் சேர்த்துப் பார்க்கலாம். மத்திய அரசு 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், தேர்வாகும் ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய் வரை மானியம். ரோபோட்டிக்ஸ், 3டி பிரிண்டர் எல்லாம் வரும். அது தேவையில்லை என்று சொல்ல முடியாது. ஆனால், எல்லா ஊர்ப் பள்ளிக்கும் அது போய்ச் சேரும்வரை பல்பையும் தீக்குச்சியையும் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

பொருள் மட்டும் போதுமா?

போதாது. ஹோசங்காபாத்தின் உண்மையான பலம் முள்ளிலும் தீக்குச்சியிலும் இல்லை. அதைச் சுற்றிக் கட்டிய அமைப்பில் இருந்தது.

முதலில் ஆசிரியர் பயிற்சி. கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் நடக்கும். ஆசிரியர்களே மாணவர்கள் மாதிரி குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையையும் செய்வார்கள். ஆண்டு முழுவதும் மாதாந்திரக் கூட்டம் நடக்கும். 'இந்தச் சோதனை என் வகுப்பில் சரியா வரல' என்று ஒரு ஆசிரியர் சொன்னால், பிழை யாரிடம் என்று தேடாமல், சோதனையையே மறுபடி செய்து பார்ப்பார்கள். பள்ளிக்கே நேரில் போய் உதவவும் ஆட்கள் இருந்தார்கள். ஆசிரியர்கள் சொன்ன கருத்துகளின் அடிப்படையில் புத்தகமே திருத்தப்பட்டது.

இரண்டாவது, தேர்வு. இதுதான் பலரும் தொடப் பயப்படும் இடம். வகுப்பில் 'யோசி' என்று சொல்லிவிட்டு, பரீட்சையில் 'வரையறு' என்று கேட்டால், மாணவர்கள் எதை நம்புவார்கள்? பரீட்சையைத்தான். ஹோசங்காபாத் திட்டத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதலாம். தனியாகச் செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தில் இருந்து பார்த்து எழுத முடியாத கேள்விகளாகக் கேட்டால், காப்பி அடிக்கும் பிரச்னையே பாதி ஒழிந்துவிடும். 8-ம் வகுப்பு முடிவில் நடந்த தேர்வுக்கும் அரசு இந்த முறையை ஏற்றுக்கொண்டிருந்தது.

மூன்றாவது, கேள்வி கேட்க ஒரு இடம். 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். 'சவால்' என்றால் இந்தியில் கேள்வி. குழந்தைகள் மனதில் தோன்றும் எந்தக் கேள்வியையும் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதலாம். பதில் கடிதம் வரும்.

பிறகு ஏன் மூடினார்கள்?

2002 ஜூலையில் மத்தியப் பிரதேச அரசு திட்டத்தை நிறுத்தியது. அப்போது திக்விஜய் சிங் முதல்வர்.

எதிர்ப்பு உள்ளூரில் இருந்தே கிளம்பியது. 'நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேற புத்தகம்? 10-ம் வகுப்புப் பொதுத்தேர்வுல நம்ம மாவட்டம் பின்தங்குதே' என்பது குற்றச்சாட்டின் சாரம். ஏகலவ்யா இதை மறுத்து தேர்வு முடிவு விவரங்களை முன்வைத்தது. விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் திட்டத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை. ஏகலவ்யாவின் சமூக அறிவியல் பாடத்திட்டமும் அதே காலகட்டத்தில் பள்ளிகளில் இருந்து விலக்கப்பட்டது.

இந்த எதிர்ப்பை 'அரசியல்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு அப்பாவின் இடத்தில் இருந்து பாருங்கள். மகள் 8-ம் வகுப்பு வரை செய்து பார்த்துக் கற்கிறாள். 9-ம் வகுப்பில் வழக்கமான புத்தகம், வழக்கமான நோட்ஸ், வழக்கமான தேர்வு. வரையறையை வார்த்தை மாறாமல் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. பக்கத்து மாவட்டப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. இருவரும் ஒரே பொதுத்தேர்வை எழுதப் போகிறார்கள். அந்த அப்பாவுக்கு பயம் வராமல் இருக்குமா?

6-ல் இருந்து 8 வரை மட்டும் மாற்றிவிட்டு, அதற்கு மேலே எதையும் மாற்றாமல் விட்டால், நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்கள்தான். ஹோசங்காபாத் விட்டுச் சென்ற மிக முக்கியமான பாடம் இது. திட்டம் நின்றுபோனாலும், அதில் வளர்ந்த யோசனைகள் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 வரை வந்து சேர்ந்தன. அந்த ஆவணத்தை உருவாக்கிய குழுவின் தலைவர் யஷ்பால். ஹோசங்காபாத் முயற்சிக்குத் தொடக்க காலத்திலேயே துணை நின்ற விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை.

ஆதரவாக: 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, கல்லூரி அளவிலான அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம். மாணவர்கள் பங்கேற்கும் வகுப்புகளில் சுமார் 22 சதவீதம்.

எதிராக: 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை கல்வி உலகில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 'நீயே கண்டுபிடி' என்று புதிதாகக் கற்பவரை வழிகாட்டல் இல்லாமல் விட்டால், தேடுவதிலேயே மூளையின் சக்தி தீர்ந்துபோகும். கற்பதற்கு மிச்சம் இருக்காது என்பது அவர்கள் வாதம். 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் சர்வதேசத் தேர்வான 'பிசா'வின் 2015 முடிவுகளிலும், ஆசிரியர் விளக்கிச் சொல்லும் வகுப்புகள் அதிகம் இருந்த இடங்களில் மதிப்பெண் கூடுதலாகவும், செயல்பாட்டு வகுப்புகள் அடிக்கடி இருந்த இடங்களில் குறைவாகவும் பல நாடுகளில் தெரிந்தது. ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், யோசிக்க வைக்கும் முடிவு.

எங்கே தவறுகிறது என்பதற்கு 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் விடை இருக்கிறது. ஆப்ரஹாம்ஸ், மில்லர் என்ற இருவர் இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை நேரில் உட்கார்ந்து கவனித்தார்கள். மாணவர்களைச் 'செய்ய வைப்பதில்' ஆசிரியர்கள் நன்றாகவே வெற்றி பெற்றார்கள். ஒயரை இணை என்றால் இணைத்தார்கள், அளவு எடு என்றால் எடுத்தார்கள். ஆனால், செய்ததை அறிவியல் கருத்தோடு இணைத்து 'யோசிக்க வைப்பதில்' வெற்றி மிகக் குறைவு. வகுப்பு நேரம் முழுவதும் கைவேலையிலேயே போய்விட்டது.

இன்னொரு சுவாரஸ்யமான முடிவு, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் வந்தது. பங்கேற்று, முட்டி மோதிக் கற்ற மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால், 'நாங்க கம்மியாதான் கத்துக்கிட்டோம்' என்று நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. ஆனால், டெஸ்டில் மதிப்பெண் குறைவு. 'டீச்சர் எதுவுமே சொல்லித் தரல, விளையாட விடறாங்க' என்று பெற்றோர் புகார் செய்யும் வகுப்பிலும் இப்படி ஏதாவது நடந்துகொண்டிருக்கலாம்.

மொத்தத்தில், 'கைக்கு வேலையா, ஆசிரியரின் விளக்கமா' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. செய்வதற்கு முன் ஒரு நல்ல கேள்வி, செய்த பிறகு ஒரு நல்ல உரையாடல், தேவையான இடத்தில் ஆசிரியரின் தெளிவான விளக்கம். மூன்றும் இருந்தால் செயல்பாடு பலன் தருகிறது. இல்லாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு.

மெழுகுவத்தி சொல்லும் பொய்

ஒரு உதாரணம். நம் பள்ளிகளில் மிகப் பிரபலமான சோதனை இது. தட்டில் தண்ணீர். நடுவில் எரியும் மெழுகுவத்தி. அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சுடர் அணையும். தண்ணீர் டம்ளருக்குள் ஏறும்.

'ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதனால அந்த அளவுக்குத் தண்ணி ஏறிருக்கு' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், சரியான விளக்கம் இல்லை.

எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, செய்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒன்று, ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் சுடர் எரியும்போதே தண்ணீர் சீராக ஏற வேண்டும். கவனித்துப் பாருங்கள், சுடர் அணையும் நேரத்தில்தான் 'சர்'ரென்று ஏறுகிறது. இரண்டு, ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள். டம்ளர் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதேதான். ஆனால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். மூன்று, டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் இருந்து காற்றுக் குமிழிகள் வெளியேறுவதைப் பார்க்க முடியும்.

உண்மையில் நடப்பது: சுடரின் வெப்பத்தில் காற்று விரிகிறது, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் கொஞ்சம் செலவாவது உண்மைதான். ஆனால், அதற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் உருவாகிறது. சுடர் அணையும்போது டம்ளருக்குள் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்திருப்பதும் இல்லை.

ஒரே சோதனை. 'தண்ணி ஏறிச்சா? எழுதிக்கோ' என்று முடித்தால், தவறான கருத்து ஒன்று மனதில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். 'மூணு மெழுகுவத்தி வெச்சா என்ன ஆகும்? முதல்ல சொல்லு, அப்புறம் செஞ்சு பாரு' என்று கேட்டால், புத்தகம் சொன்னதையே சோதித்துப் பார்க்கும் பழக்கம் வரும்.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பூஜ்யத்தில் இருந்து தொடங்கவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-களில் இருந்தே களத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கான 'துளிர்' அறிவியல் இதழ் 1987-ல் தொடங்கியது. தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திராவின் குப்பத்தில் வளாகம் வைத்திருக்கும் அகஸ்தியா அறக்கட்டளை, வேன்களில் சோதனைப் பொருட்களை ஏற்றிக்கொண்டு கிராமப் பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் ஆய்வகங்களுக்குப் பெயர் பெற்றது.

அரசுத் தரப்பில் பெரிய முயற்சி 'வானவில் மன்றம்'. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க வைப்பது நோக்கம். கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கு வந்து, மாணவர்களோடு சேர்ந்து செய்து காட்டுவார்கள்.

கவனித்தீர்களா? ஹோசங்காபாத் தேர்ந்தெடுத்த அதே வயது, அதே 6 முதல் 8. அப்படியானால் ஹோசங்காபாத் சந்தித்த அதே கேள்விகளும் இங்கே வரும்.

முதல் கேள்வி, கருத்தாளர் வராத நாட்களில் வகுப்பு எப்படி நடக்கிறது? வெளியில் இருந்து ஒருவர் வந்து செய்து காட்டும் நாள் குழந்தைகளுக்குத் திருவிழா மாதிரி. ஆனால், ஹோசங்காபாத் தன் பந்தயத்தை வகுப்பின் சொந்த ஆசிரியர் மேல் கட்டியது. மறுநாள் அதே வகுப்புக்கு வரப்போவது அவர்தானே.

இரண்டாவது கேள்வி, தேர்வு. தமிழ்நாட்டில் 10-ம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கிறது. செய்முறைக்கு இடம் கொடுத்தது நல்ல விஷயம். ஆனால், அந்த 25-ம் ஏற்கெனவே தெரிந்த முடிவைச் சரிபார்க்கும் வகையிலேயே இருந்தால், நாம் முதலில் பார்த்த ரெக்கார்டு நோட்டுக் கதைதான்.

45 நிமிடத்தில் நடக்குமா?

ஆசிரியர்கள் எழுப்பும் நியாயமான கேள்வி இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 40 பேர். நாலு பேருக்கு ஒரு செட் என்றால் 10 பல்பு, 10 செல், 10 ஒயர். பொருளைக் கொடுக்க 5 நிமிடம். செய்து பார்க்க 20 நிமிடம். திரும்ப வாங்கி வைக்க 5 நிமிடம். விவாதிக்க மிச்சம் 15 நிமிடம். வகுப்பு தொடங்கி அமைதியாகும் நேரத்தைக் கழித்தால் 10.

அந்தப் 10 நிமிடம்தான் பாடம். நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அதனால்தான் ஒரு ஆண்டில் 50 சோதனைகளை ஓட்டமாக முடிப்பதைவிட, 15 சோதனைகளை உரையாடலோடு முடிப்பது மேல். விவாதம் முடியாவிட்டால் அடுத்த பீரியடுக்கு நீளட்டும். இதற்குப் பாடத்திட்டம் கொஞ்சம் மெலிய வேண்டும். 'போர்ஷன் முடிச்சாச்சா' என்று மட்டும் கேட்கும் மேற்பார்வையும் மாற வேண்டும்.

நீங்கள் பெற்றோராக இருந்தால்...

பள்ளி ஓப்பன் ஹவுஸில் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்த கருவிகளைப் பார்த்து அசந்துபோக வேண்டாம். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. போன மாதம் என் பிள்ளை தன் கையால் செய்த சோதனை என்ன? (ஆசிரியர் செய்து காட்டியது கணக்கில் வராது.)

2. செய்வதற்கு முன், என்ன நடக்கும் என்று கணிக்கச் சொன்னீர்களா?

3. எதிர்பார்த்தது வராதபோது என்ன செய்தீர்கள்? மறுபடி செய்தீர்களா, இல்லை 'சரியான' விடையை போர்டில் எழுதிப் போட்டீர்களா?

4. தேர்வில் இது எப்படிக் கேட்கப்படும்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த வகுப்பறையைப் பற்றி நிறையப் புரிந்துகொள்ளலாம்.

நீங்கள் சனிக்கிழமைகளில் ஏதாவது பள்ளியில் தன்னார்வலராகப் போகும் ஐடி ஊழியராக இருந்தால், ஒரு வேண்டுகோள். எரிமலை மாடல், ராக்கெட் என்று 'வாவ்' ஐட்டங்களோடு மட்டும் போய் வராதீர்கள். குழந்தைகள் கை தட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும். பத்து பல்பு, பத்து செல், பத்து ஒயர் வாங்கிக்கொண்டு போங்கள். விடையைச் சொல்லாதீர்கள். எரியாத இணைப்புகளையும் படமாக வரையச் சொல்லுங்கள், ஏன் எரியவில்லை என்று அவர்களையே பேச விடுங்கள். அந்த வகுப்பின் ஆசிரியரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பும்போது அந்தப் பத்து செட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை அவருக்கு அது தேவைப்படும்.